ஏ மாறிலி, பீ மாறிலி

ஜூலை 14, திங்கள்

விடியும்போதே புழுக்கம். மேகம் வந்தது, எட்டிப் பார்த்தது, போய்விட்டது. வண்டி விக்கிரவாண்டியில் வழக்கம்போல் காரணமில்லாமல் நின்றது. திண்டிவனம் போய்ச் சேர்வதற்குள் காலர் நனைந்து, முதல் மணியும் அடித்தாயிற்று. ச. வராந்தாவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சொல்லாமல் பார்ப்பது அவனுடைய தனித் திறமை.

என்னைவிட ஐந்து வயது இளையவன். காலேஜில் என் நோட்ஸை வாங்கிப் படித்துத் தேறியவன். இன்று எனக்கு ஹெட்மாஸ்டர். சபாபதி என்று முழுப் பெயரை எழுதக் கை வருவதில்லை.

இரண்டு செய்திகள்.

ஒன்று: 24-ம் தேதி டி.இ.ஓ. பரீட்சை பார்க்க வருகிறார். அதாவது எங்களை. விழுப்புரம் ஹைஸ்கூலில் ஹெட்மாஸ்டர் இடம் காலி. யாரைப் போடுவது என்பது அவர் எழுதுவதைப் பொறுத்தது. அந்த இடம் எனக்கு வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்துதான் என்னைத் தூக்கி இங்கே போட்டார்கள். வாய் நீளம் என்று காரணம். வீடு விழுப்புரத்தில், பிழைப்பு திண்டிவனத்தில், நடுவில் இந்த ரயில். அதே கேட் வழியாக ஹெட்மாஸ்டராக நுழைய வேண்டும். வேறு ஆசை எதுவும் பாக்கியில்லை.

இரண்டு: நாலாவது பாரத்துப் பையன்களுக்கு இந்த வருஷம் அட்சர கணிதம் தமிழில். உத்தரவு வந்துவிட்டது, சொற்கள் வரவில்லை. கான்ஸ்டன்ட், வேரியபிள் இரண்டுக்கும் தமிழ் என்ன? ச.வைக் கேட்டால், "உங்களுக்குத் தெரியாததா சார்?" என்கிறான். மரியாதையா குத்தலா, கண்டுபிடிக்க முடியவில்லை.

ஸ்திரராசி, சலராசி என்று பலகையில் எழுதிப் பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "சார், எனக்குக் கன்னி ராசி." வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அழித்துவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

மயிலம் தாண்டியதும் வண்டியில் வந்தது: மாறுவது மாறி. மாறாதது மாறிலி. சின்னச் சொற்கள், பையன்கள் வாயில் அடங்கும். வேறு யாராவது முன்பே வைத்திருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்கு நானே கண்டதுதான். எதிரே உட்கார்ந்திருந்த வெற்றிலைக்காரரிடம் சொல்லத் தோன்றிற்று.

ஜூலை 16, புதன்

இன்று நல்ல பாடம். பல வருஷத்துக்குப் பிறகு.

பாதிப் பையன்கள் கிணறும் மாடும் உள்ள வீட்டுப் பிள்ளைகள். ஆகவே மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பதையே எடுத்தேன். தொட்டியில் முன்பே கிடக்கிற தண்ணீர் b. மாடு ஒரு நடை இழுத்தால் ஒரு பெரிய வாளி, அதாவது ஒரு சால். அதில் வருகிற தண்ணீர் a. எத்தனை சால் இறைத்தோம் என்பது x. தொட்டியில் இப்போது மொத்தம் y. எழுதினேன்: y = ax + b. மாடு நடக்க நடக்க x மாறும், கூடவே y மாறும். சால் அதே சால். முன்பே கிடந்த தண்ணீர் அதே தண்ணீர். x, y மாறிகள். a, b மாறிலிகள்.

மூன்றாம் பெஞ்சில் ஒரு குட்டையன் எழுந்தான்.

"சார், a எவ்வளவுன்னு நீங்க சொல்லவே இல்லியே. தெரியாததுன்னா அதுவும் மாறிதானே?"

"உங்க வீட்டுச் சால் எத்தனை படி கொள்ளும்?"

"தெரியாது சார்."

"உனக்குத் தெரியலைங்கிறதுக்காக அது நடைக்கு நடை பெருத்துச் சிறுத்துப் போகுமா?"

சிரிப்பு. ஆனால் அவனும் சிரித்தான், புரிந்த சிரிப்பு. தெரியாதது வேறு, மாறுவது வேறு. காலேஜில் எனக்கு இதை யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"பக்கத்துக் கெணத்துல சால் பெருசு சார்" என்றான் இன்னொருவன். அங்கே போனால் வேறு a, ஒரு கிணற்றில் இறைத்து முடிகிற வரைக்கும் ஒரே a என்றேன்.

ஒரு சால்கூட இறைக்காவிட்டாலும், x பூஜ்யமானாலும், b அப்படியே கிடக்கும் என்று சொல்லும்போது ஏனோ ச. ஞாபகம் வந்தான்.

கடைசியில் என் பழைய முறை. எல்லாரும் சேர்ந்து, நான் பிரம்பால் காட்டக் காட்ட, உரக்க:

ஒய் மாறி! எக்ஸ் மாறி! ஏ மாறிலி! பீ மாறிலி!

ஓடு அதிர்ந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், நிலக்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லுக்குப் போகும் தெரு. போகிற வண்டிக்காரன் மாட்டை நிறுத்தி வேடிக்கை பார்த்தான்.

வீடு வரும்வரை மனசு நிற்கவில்லை. இன்றைக்கே டி.இ.ஓ. வந்திருக்கக் கூடாதா?

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. வீட்டில் கேப்பைக் கூழ். பச்சையம்மாளுக்கு இன்று புருஷன் கண்ணில் தெரிய மாட்டான். "ஜல்தி குடிச்சிட்டு கெளம்புங்க, நான் கோயிலுக்குப் போவணும்." குடித்தேன், நாக்கு வெந்தது.

இரண்டாம் மணியில் கேட்டருகே கூச்சல். பியூன் வந்து, ஹெட்மாஸ்டர் கூப்பிடுவதாகச் சொன்னான்.

ஒரு பெண்பிள்ளை. முப்பது வயதிருக்கும். தலை வாரவில்லை, மஞ்சள் நனைத்த புடவை. மில்லில் மல்லாட்டை உடைக்கிற அஞ்சலையாம். ஜன்னலுக்கு எதிர் வீடு. கேட்டுக்கு வெளியே தள்ளி நின்றுகொண்டு, உள்ளே வா என்றாலும் வரவில்லை.

"இவருதானா அந்த வாத்தியாரு? ஏன் சாமி, ஓய் மாரி ஓய் மாரின்னு கூப்புட்றீங்களே, அவ இன்னா உங்க வூட்டு வேலைக்காரியா? அப்பால ஏ, மாரி இல்லேன்னு கத்துறாங்க. அதுக்கும் அப்பால ஒண்ணு சொல்றாங்க பாரு, என் வாயால சொல்லக் கூசுது. அந்தக் கழிசலையும் ஆத்தா பேரையும் ஒண்ணா சேத்து! என் கொழந்த மேல அவ வந்து எறங்கி குந்திகினு இருக்கா. முத்து கண்ணுகிட்ட வந்துடுச்சி. இந்த நேரத்துல அவளப் போயி இல்லேங்குறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒய், ஏ, பீ.

பியூன் வாயைப் பொத்திக்கொண்டான். ச. சிரிக்கவில்லை. நான் சொன்னது: "இது கணக்கு. உனக்குப் புரியாது. போ." அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

ச. சொன்னான்: "கொஞ்ச நாளைக்கு கான்ஸ்டன்ட், வேரியபிள்னே வெச்சுக்குங்களேன் சார். இல்லேன்னா சத்தம் போடாம..."

"இன்ஸ்பெக்ஷனுக்கு என் சொல்தான். என் முறைதான்."

"உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம்! இவனுக்கு என் சொல் பொறுக்கவில்லை. மில் தெருவில் கூலிக்காரிக்கு இத்தனை தைரியம் தானாக வருமா? யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்க வேண்டியதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மழை வருகிற மாதிரி இருட்டி, வரவில்லை. கொசு. க்ஷவரம். துவைத்த வேட்டியில் துருக்கறை.

ச. எனக்குச் செய்தவை:

1. என் டிரிக்னாமெட்ரி நோட்டை வாங்கிப்போய் எண்ணெய்க் கறையோடு திருப்பித் தந்தது.
2. மாமனார் போர்டு மெம்பர் என்பதால் என் தலைக்கு மேல் ஹெட்மாஸ்டர் ஆனது.
3. போட்டோ எடுத்தபோது என் நாற்காலியை ஓரத்தில் போட்டது. (பிரிண்டில் என் பாதித் தோள் இல்லை.)
4. கைக்கடிகாரம்.
5. அஞ்சலை.

டி.இ.ஓ. வருகிற அன்று அவரிடம் தனியாக ஒரு வார்த்தை. ச. வீட்டில் நடக்கிற டியூஷனைப் பற்றி. எல்லாருக்கும் தெரிந்ததுதான், யாரும் சொன்னதில்லை.

பச்சையம்மாளிடம் முழுவதும் சொன்னேன். பீ என்ற இடம் வந்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு எத்தினி வயசாம்?"

"எந்தப் பொண்ணு?"

"ஆத்தா வந்துக்கினு இருக்குதே, அந்தக் கொழந்தைக்கு."

கேட்கவில்லை என்றேன்.

"அதக் கேக்கல. எவன் ஏத்திவிட்டான்னு மட்டும் யோசிச்சிக்கினு வந்தீங்களாக்கும். உங்களுக்கு எவன் மேலயாச்சும் கோவம் இல்லேன்னா சோறு எறங்காது."

பேசவில்லை அவளோடு, ராத்திரிச் சாப்பாடுவரை.

ஜூலை 21, திங்கள்

வண்டியில் கூட்டம். பேரணி ஸ்டேஷனில் ஏறிய இருவர் என் எதிரில். ஒருவர் மடியில் கோழிக்கூடை.

"திண்டிவனத்துல ஒரு வாத்தியாரு மாரியாத்தாவே இல்லேன்னுட்டாராமே."

"சுயமரியாதக்காரனா?"

"அப்டித்தான் இருக்கும். பலகையில அவ பேர எழுதி செருப்பால அடிச்சாராம்."

"அடப்பாவி. கையி வெளங்குமா?"

"வாத்தியாரு பொண்டாட்டி அன்னிக்கே ஊரவுட்டுப் போய்ட்டாளாம்."

கோழிக்கூடைக்காரர் என்னைப் பார்த்து, "பேஜாரு புடிச்ச காலம் சார், சண்ட வேற நடக்குது" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். செருப்பைக் காலடியில் உள்ளே தள்ளிக்கொண்டேன். வார் புதிதாகத் தைத்தது.

வகுப்பில் ஆத்திரத்தோடு நுழைந்தேன். எல்லாச் சமன்பாட்டுக்கும் சேர்ந்து சொல்ல வைத்தேன். வேண்டுமென்றே. ஜன்னலைத் திறந்து வைத்து. தொண்டை கட்டுகிறவரை கத்தினார்கள். எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழந்தை அழுகிற சத்தம், மில் சத்தத்தோடு கலந்து. அதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் தூறல். ஐந்து நிமிஷம்.

சாப்பாட்டு மணியில் மில் தெருவுக்குப் போனேன். சமாதானத்துக்கு அல்ல. ச.தான் அனுப்பினான் என்று அவள் வாயால் வரவழைக்க. வந்தால் வியாழக்கிழமை அதையும் டி.இ.ஓ.விடம் சேர்த்துச் சொல்லலாம்.

வாசலில் வேப்பிலை. உள்ளே இருட்டு. நான் தெருவில் நின்றேன்.

"யாரு?"

"பள்ளிக்கூடத்து வாத்தியார்."

"கிட்ட வராதீங்க சார். அங்கியே நில்லுங்க." கோபமில்லாத குரல். அதுவே எனக்கு எரிச்சல்.

"உன்னை யார் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது?"

"யாரு அனுப்பணும்? எனக்குக் கால் இல்லியா?"

"ஹெட்மாஸ்டர் உன்னோட பேசினாரா?"

"யாரு, அந்த வாச்சு கட்டுன சாரா? அவரு நேத்து சாயங்காலம் வந்தாரு. எளநீ ரெண்டு குடுத்துட்டு, அம்ம குத்துற ஆள அனுப்பட்டுமான்னாரு. தெருவுல மத்த பசங்களுக்கு. அவ்ளோதான்."

இளநீர். அதைக் கேட்டதும் இன்னும் கோபம் வந்தது. சரி, இவளுக்காவது சொல்லைப் புரிய வைத்துவிட்டுப் போகலாம் என்று ஆரம்பித்தேன். அம்மன் பேரில் வருவது இடையின ர. நான் சொல்வது வல்லின ற. மாறுவது மாறி. மாறாதது மாறிலி. அம்மனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"ரெண்டும் வேற வேறயா?"

"முழுக்க வேறே. கேள். மாரி. மாறி."

அவள் கதவிடுக்கில் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இன்னொரு தபா சொல்லுங்க."

"மாரி. மாறி."

"இப்ப சொன்னீங்களே, ரெண்டாவது, அதுல எது ஆத்தா?"

மறுபடி சொன்னேன். நாக்கை அழுத்தி, பண்டிதர் மாதிரி. இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்தன. மூன்றாம் தடவை எனக்கே எது எது என்று தெரியவில்லை. பட்டணத்தில் படித்த நாக்கு, ஆனால் விழுப்புரத்தில் முளைத்த நாக்கு. நாற்பத்தேழு வயதில் இதைத் தெருவில் நின்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அவள் சிரிக்கவில்லை. "நான் உங்களத் தப்பா சொல்லல சார். புள்ளைங்க படிக்கட்டும். அவ எறங்கிப் போற வரைக்கும் மட்டும் அந்தச் சத்தம் வாணாம். நாப்பது பசங்க கத்துறாங்க, கொழந்த தூக்கத்துல ஒதறிக்கினு எழுந்திருக்குது. இவளுக்குக் கேக்குதுன்னா ஆத்தாவுக்கும் கேக்கும் இல்ல?"

"குழந்தைக்கு எத்தனை வயது?"

"நாலு."

திரும்பி வந்துவிட்டேன். ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை. கொடுக்க என்ன இருக்கிறது? வியாழக்கிழமை அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு விழுப்புரம்.

யாரும் ஏற்றிவிடவில்லை. இது எனக்குச் செரிக்கவில்லை. எவனாவது செய்ததாக இருந்தால் எதிர்கொள்ளத் தெரியும்.

ஜூலை 23, புதன்

வெறும் கூட்டல் கழித்தல் திருப்புதல். பையன்கள், "சார், பாட்டுப் பாடலாமா?" என்றார்கள். வேண்டாம், நாளைக்குத் தொண்டையை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நாளைக்கு என்ன செய்வேன்? ஜன்னலைச் சாத்திவிட்டால் போதும். அது போதும்.

கோட்டுக்கு இஸ்திரி. பொத்தான் ஒன்று தொங்குகிறது, பச்சையம்மாளிடம் கேட்க மனமில்லை, நானே தைத்தேன்.

ஜூலை 24, வியாழன்

நடந்ததை நடந்தபடி.

டி.இ.ஓ. தலைப்பாகை, நல்ல உயரம், களைத்த முகம். ச. கூடவே வந்தான். நான் ஜன்னலை முன்பே சாத்தியிருந்தேன். உள்ளே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "என்ன இது, இட்லிப் பானை மாதிரி! திறங்கப்பா." பியூன் திறந்தான். மில் சாப்பாட்டுக்கு நின்றிருந்தது. தெருவில் சத்தமே இல்லை. எதிரே வேப்பிலை வாடிக் கிடந்தது.

சால், தொட்டி, எல்லாம் சொன்னேன். நன்றாகவே போயிற்று. தெரியாதது ஏன் மாறி ஆகாது என்று அவரே கேட்டார். குட்டையன் எழுந்து, "தெரியலேங்கிறது நம்ம கொற சார், சாலோட கொற இல்ல" என்றான். டி.இ.ஓ. உரக்கச் சிரித்தார். பிறகு என்னிடம்:

"உங்க ஹெட்மாஸ்டர் பக்கம் பக்கமா எழுதியிருந்தார். தமிழ்ல இதைச் சொல்லித்தர இவரை மாதிரி ஆள் கிடையாது, விழுப்புரத்துக்கு இவரைத்தான் போடணும்னு. சொல்லும் நீங்களே பண்ணினதாமே. வகுப்பே பஜனை மாதிரி சொல்லுமாம். அதைக் கேக்கத்தான் வந்தேன். எங்கே, சொல்லச் சொல்லுங்க."

ச.வைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் பட்டியலில் ஐந்தாவதை மட்டும் அடித்தால் போதாது போலிருக்கிறது. எனக்குத் தெரியாமல் எனக்கு நல்லது செய்வதற்கு இவன் யார்?

பிரம்பை எடுத்தேன். நாற்பது பேரும் மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பலகையில் y. பிரம்பை அதன்மேல் வைத்தால் போதும், ஓடு பறக்கும்.

"நோட்டை எடுங்க" என்றேன். "எழுதுங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

பையன்கள் விழித்தார்கள். பிறகு பென்சில்கள் ஓடின. அந்தச் சத்தம் மட்டும். டி.இ.ஓ. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பார்த்தார். மாறி, மாறிலி. எல்லார் நோட்டிலும் வல்லின ற. காகிதத்தில் அது தெளிவாகத்தான் இருக்கிறது.

"எழுத்து சரி. சொல்லச் சொன்னேனே?"

"இன்னிக்கு வேண்டாம் சார்."

"ஏன்?"

சொல்லியிருக்கலாம். கேட்டால் சிரிப்பார். கடலூர் ஆபீஸர்கள் கிளப்பில் போய்ச் சொல்வார், அங்கே இன்னும் சிரிப்பார்கள். பீ என்ற இடத்தில் மேஜையைத் தட்டுவார்கள். உள்ளே கிடக்கிற நாலு வயதுக் குழந்தையும் அந்தக் கதையில் ஓர் ஓரமாக வரும்.

"வேண்டாம் சார்" என்றேன் மறுபடி.

"ஐ ஸீ" என்று கைப்புத்தகத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார். டியூஷனைப் பற்றி அவரிடம் தனியாகப் பேசவில்லை. பேச வேளையும் வரவில்லை, வந்திருந்தாலும்.

வராந்தாவில் ச. பின்னாலேயே வந்தான். "ஜன்னல்தானே சார்?" என்றான் மெதுவாக.

"வகுப்பு இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனேன். வகுப்பு இல்லை. ஸ்டோர் ரூமில் போய் நின்றேன்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி இரண்டாம் வெள்ளி. தலைவலி. லீவு போட்டேன்.

பச்சையம்மாள் கோயிலிலிருந்து வந்து, கேட்காமலே என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். துடைக்கவில்லை, சோம்பல்.

ஜூலை 28, திங்கள்

மேகமூட்டம். வண்டி சரியான நேரத்துக்குப் போயிற்று, தேவையில்லாத நாளில்.

ச. அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். விழுப்புரத்துக்குக் கடலூர்க்காரர் ஒருவரை எழுதிவிட்டார்களாம். என்னைப் பற்றி டி.இ.ஓ. குறிப்பு: பாடம் நன்று, வாய்ப்பயிற்சி இல்லை, ஆசிரியர் பிடிவாதமுள்ளவர். "நான் காரணத்தை எழுதட்டுமா சார்? இன்னும் நேரம் இருக்கு" என்றான். எழுதினால் உன்னோடு பேச்சில்லை என்றேன். இப்போது மட்டும் என்ன பேச்சு இருக்கிறது என்று அவன் கேட்டிருக்கலாம். காபி வரவழைத்தான். குடித்தேன்.

கோபம் வருமென்று நாள் பூராவும் காத்திருந்தேன். வந்தது, ஆனால் யார்மேல் வைப்பதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

நாலு மணிக்கு ஸ்டேஷனுக்கு மில் தெரு வழியாக. நேர்வழி அதுவல்ல. அஞ்சலை வாசலில் புதுச் சாணம் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் துடைத்துக்கொண்டாள்.

"எறங்கிட்டா சார். கண்ணு தப்பிச்சிது. நாளைக்குக் கொழந்தைக்கு மொதத் தண்ணி ஊத்துறோம்."

"நல்லது."

"கூழு கேக்குது, கழுத. அஞ்சு நாளா பச்சத் தண்ணி எறங்கல." சிரித்தாள். பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் பார்த்தாள். "ஏன் சார், நாலஞ்சு நாளா பசங்க சத்தமே காணோமே. பள்ளிக்கூடம் லீவா?"

"ஆமாம்" என்றேன். "லீவு."